போலீஸ் காரை நிறுத்தும்போது உதவும் செயலி: மகனுக்காக எழுதுகிறேன், யோசனை வேண்டும்

மீனா_எடிசன்

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பதினான்கு வருடமாகச் சர்வர் பக்க வேலைதான்; மொபைல் செயலி எழுதுவது இதுவே முதல் முறை. கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 18 வயது. தற்காலிக லைசென்ஸ் என்பதால் நம்பர் பிளேட்டின் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ள புது ஓட்டுநர்கள் அதை ஒட்ட வேண்டும் என்பது இங்கே 2010-லிருந்து சட்டம். மூன்று வாரம் முன்பு, ராத்திரி பத்து மணி வாக்கில், பகுதி நேர வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. ஒதுங்கி நிறுத்தினான். பிரேக் போட்ட வேகத்தில் ஃபோன் நழுவி, சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விழுந்துவிட்டது. இன்சூரன்ஸ் கார்டு அந்த ஃபோனில்தான் இருக்கிறது. எடுக்கக் குனிந்திருக்கிறான்.

நிமிர்ந்தபோது அதிகாரி பின்கதவு அருகிலேயே நின்றுவிட்டாராம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் டார்ச். வெளிச்சம் இவன் தோளில். "கையைக் காட்டு" என்று மூன்று முறை கத்தினார். காட்டினான். அப்புறம் எல்லாம் அமைதியாகவே நடந்தது: பின்விளக்கு ஒன்று எரியவில்லை, எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மொத்தம் ஒன்பது நிமிடம். வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை, ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் மேசை மேலேயே வைத்திருந்தான். விரல்களை நான்தான் பிரித்து எடுத்தேன்.

பின்விளக்கு என்றதும் எனக்கு நினைவு வந்தது போலீஸ் சுட்டுக் கொன்ற ஃபிலாண்டோ காஸ்டில். 2016 ஜூலையில் மினசோட்டாவில் அவரை நிறுத்தியதற்குச் சொன்ன காரணமும் பின்விளக்குதான். பக்கத்தில் இருந்த அவருடைய தோழி ஃபேஸ்புக் நேரலையைத் தொடங்கினார். ஆனால் அது குண்டு பாய்ந்த பிறகு. அதற்கு முந்தைய நிமிடத்தில் அந்த ஃபோனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. என் மகன் கல்லூரிக்குப் போய் வரும் டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையும் சாதாரணச் சாலை இல்லை. 1998 ஏப்ரலில் நான்கு இளைஞர்கள் போன வேனை அங்கே நிறுத்தி மாநிலப் போலீஸார் இருவர் 11 முறை சுட்டார்கள். நிறத்தைப் பார்த்து நிறுத்துவது நடக்கிறது என்று 1999-ல் மாநில அரசே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு பத்து வருடம், 2009 வரை, மாநிலப் போலீஸ் ஃபெடரல் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருந்தது.

சரி, செயலிக்கு வருகிறேன். முதல் வடிவம் இப்படி: திரை நடுவில் பெரிய சிவப்பு பட்டன். தொட்டால் வீடியோ ஓடும், எனக்கும் என் கணவருக்கும் இடத்தோடு செய்தி வரும், எனக்கு நேரடி அழைப்பு தொடங்கும், உரிமைகளைப் பெண் குரல் உரக்கப் படிக்கும். போன ஞாயிறு வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்த்தோம். என் கணவர் டார்ச்சோடு வந்து ஜன்னலைத் தட்டினார். மகன் பட்டனைத் தேடித் தொடவே பதினெட்டு நொடி. அதற்கும் குனியத்தான் வேண்டியிருந்தது. தொட்டதும் ஃபோன் "மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று கத்தியது. அந்தக் குரலைப் பதிவு செய்தவளே நான்தான், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நிஜ அதிகாரி அந்த இருட்டில் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. திரை தானாகப் பூட்டியதும் வீடியோ நின்றது. நடுவில் ஃபோனை வலுக்கட்டாயமாக அணைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடப் பதிவு இருந்தது, ஆனால் கோப்பு திறக்கவே இல்லை.

ஆக, கை நகராமல் இதைத் தொடங்குவது எப்படி? ஃபோன் போனாலும் பதிவு தங்குவது எப்படி? உரிமைகளைச் சொல்லும் பகுதியை வைக்கலாமா, எடுத்துவிடலாமா? இது மூன்றும்தான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.


பாலா_மொபைல்

மீனா அக்கா, திரை பூட்டியதும் வீடியோ நின்றது உங்கள் பிழை இல்லை. ஐஃபோனில் செயலி பின்னால் போனால் கேமராவை ஆப்பிள் நிறுத்திவிடும்; சுற்றிப் போக வழி கிடையாது. மைக் அப்படி இல்லை. பின்னணியில் ஒலி ஓட அனுமதி கேட்டிருந்தால், ஏற்கெனவே தொடங்கிய குரல் பதிவு திரை பூட்டிய பிறகும் ஓடும். ஆண்ட்ராய்டில் 9-ஆம் பதிப்பிலிருந்து பின்னணிச் செயலிகளுக்குக் கேமராவும் மைக்கும் கிடையாது. ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் ஒன்றைத் தொடங்கி, அறிவிப்புப் பட்டையில் காட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். 11-லிருந்து அது கேமராவா மைக்கா என்று வகை சொல்ல வேண்டும், 14-லிருந்து அந்தந்த வகைக்குத் தனி அனுமதியும் கேட்க வேண்டும். செயலி கண் முன்னால் இருக்கும்போதே தொடங்குவதுதான் பாதுகாப்பு.

திறக்காத கோப்புக்குக் காரணம் வேறு. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் ஃபோன் அணைந்தால் அட்டவணை இல்லை. ஆறு நிமிடமும் இருக்கிறது, ஆனால் படிக்க வழியில்லை. அதனால் முழுக் கோப்பாக எழுதாதீர்கள். நான்கு நான்கு நொடித் துண்டுகளாக எழுதுங்கள், ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக இருக்கும்படி. ஐஃபோனில் ஐஓஎஸ் 14-லிருந்து, வீடியோவை எழுதும் ஆப்பிளின் ஏவி அசெட் ரைட்டரே துண்டு துண்டாகக் கையில் கொடுக்கிறது. துண்டு முடிந்ததும் அதன் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு, அதை அடுத்த துண்டின் தகவலில் சேர்த்து, உடனே மேலே ஏற்றிவிடுங்கள். கடைசி நான்கு நொடி போகலாம், மீதி போகாது. நடுவில் யாரும் வெட்டி ஒட்டவில்லை என்பதையும் பிறகு காட்ட முடியும்.

எதை முதலில் ஏற்றுவது என்பதும் முக்கியம். 720பி வீடியோ நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 15 எம்பி. உங்கள் ஒன்பது நிமிடத்துக்கு 135 எம்பி. நெடுஞ்சாலை ஓரத்தில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது இது போகாது. பேச்சுக்கு 32 கிலோபிட் தாராளம். நிமிடத்துக்கு 240 கேபிதான், ஒன்பது நிமிடமும் சேர்ந்து சுமார் 2 எம்பி. குரலைத் தனி வரிசையில் வைத்து முதலில் அனுப்புங்கள்.

கை படாமல் தொடங்க, குரல் கட்டளைதான். 2018-ல் ஐஓஎஸ் 12 வந்தபோது ஒருவர் இதற்கென்றே ஷார்ட்கட் (ஒரே கட்டளையில் பல வேலை செய்யும் சிறு நிரல்) எழுதிப் பொதுவில் விட்டார்: சிரியிடம் போலீஸ் நிறுத்துகிறது என்று சொன்னால் திரை வெளிச்சம் குறையும், தெரிந்தவருக்கு இடத்தோடு செய்தி போகும், முன்கேமரா ஓடும். 2022-ல் ஐஓஎஸ் 16 வந்ததிலிருந்து செயலியே தன் கட்டளைகளோடு நிறுவப்படும், பயனர் எதையும் அமைக்க வேண்டாம். திரையை முழுக் கறுப்பாக்கிவிட்டால் யார் கண்ணிலும் படாது.


கல்யாணி_பாஸ்டன்

நான் வக்கீல் இல்லை, வக்கீல்களுக்கு உதவும் பாராலீகல். சனிக்கிழமைகளில் ஒரு சட்ட உதவி மையத்தில் உட்காருகிறேன். பாலா சொன்ன கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கறுப்புத் திரை வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். 2007 அக்டோபரில், இங்கே பாஸ்டன் காமன் பூங்காவில் போலீஸார் ஒருவரைப் பிடிப்பதை சைமன் கிளிக் என்பவர் ஃபோனில் படம் எடுத்தார். ஒட்டுக்கேட்புச் சட்டத்தில் அவரையே கைது செய்தார்கள். 2011 ஆகஸ்டில் முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் பதிவு செய்வது அரசியல் சாசனம் தரும் உரிமை. அடுத்த ஆண்டு நகரம் 1,70,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. அந்தத் தீர்ப்பில் அவரைக் காப்பாற்றியவற்றில் ஒன்று, ஃபோனை எல்லாரும் பார்க்கும்படி பிடித்திருந்தார் என்பது. மாசசூசெட்ஸில் ரகசியப் பதிவு பொதுவாகக் குற்றம். பேசுகிறவர்கள் எல்லாருடைய சம்மதமும் கேட்கும் மாநிலங்கள் இன்னும் பல உண்டு. நியூ ஜெர்சியில் ஒருவர் சம்மதம் போதும், ஆனால் உங்கள் பையன் காரை எடுத்துக்கொண்டு எங்கே போவான் என்று யாருக்குத் தெரியும்? "பதிவாகிறது" என்ற சொல் திரையில் தெரியட்டும். மறைப்பதுபோலத் தெரிந்தால் சட்டமும் சிக்கல், அதிகாரியின் சந்தேகமும் சிக்கல்.

உரிமைகளைப் படிக்கும் குரலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மீனா. சாலையோரம் வாதாடும் இடம் இல்லை. அவன் வாயிலிருந்து வர வேண்டியவை சில வாக்கியங்கள்தான், அவை அவனுக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். "லைசென்ஸ் இந்தப் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்பது ஒன்று. காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால் "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று சாதாரணக் குரலில் சொல்வது இன்னொன்று. சொன்ன பிறகும் சோதித்தால் தடுக்கக் கூடாது, சொன்னது பதிவில் இருந்தால் போதும். "நான் போகலாமா?" என்பது கடைசி. 2015-ல் ரொட்ரிகெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுத்திய வேலை முடிந்த பிறகு தக்க சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காக்க வைக்கக் கூடாது என்றது. அந்தக் கேள்விக்கு எடை அங்கிருந்து வருகிறது.

ஆனால் "இறங்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. 1977-ல் மிம்ஸ் வழக்கில் ஓட்டுநரையும், 1997-ல் வில்சன் வழக்கில் பக்கத்தில் இருப்பவரையும் இறங்கச் சொல்லலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. இணையத்தில் சுற்றும் "உங்கள் உரிமைகள்" பட்டியல் சிலவற்றில் இது தப்பாக இருக்கிறது. அதைச் செயலியில் ஒட்டி, ஒரு பையன் அதை நம்பி இறங்க மறுத்தால் விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். மையத்துக்கு வந்த ஓர் அம்மாவின் கையிலிருந்த அப்படிப்பட்ட காகிதத்தை நானே வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு. தற்காலிக லைசென்ஸ் உள்ளவர்கள் உங்கள் மாநிலத்தில் கைபடாமல்கூட ஃபோனைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே கட்டளையைச் சொல்வது கார் ஒதுங்கி நின்ற பிறகுதான், ஓட்டிக்கொண்டே இல்லை. அப்புறம், பூட்டு. 2014-ல் ரைலி வழக்கில், கைதானவரின் ஃபோனைப் பார்க்கவும் வாரன்ட் வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தப் பாதுகாப்பை, திறந்த ஃபோனைக் கையில் கொடுத்து நாமே கரைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் கார்டு ஃபோனில் இருந்தால் அதுதான் நடக்கும்: பதிவு செய்துகொண்டிருக்கும் கருவியையே ஜன்னல் வழியாக நீட்டுவான். காகிதத்தில் அச்சடித்து வையுங்கள்.

பதிவுகள் எங்கே தங்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் சர்வரில் படிக்கும்படி இருந்தால், நீதிமன்ற உத்தரவு வந்ததும் கொடுத்தாக வேண்டும். அதில் உங்கள் மகன் பதற்றத்தில் உளறியதும் இருக்கும். பதிவைக் குறியாக்கிப் பூட்டி, திறக்கும் சாவி உங்கள் குடும்பத்து ஃபோன்களில் மட்டும் இருக்கட்டும்.


செல்வம்_ஹூஸ்டன்

ஏழு வருடமாக ராத்திரி டாக்ஸி மாதிரி ஓட்டுகிறேன், வாடகைச் செயலிக்குத்தான். என்னை நிறுத்தியதற்குக் கணக்கு வைக்கவில்லை, இருபதுக்குக் குறையாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் தங்கச்சி.

இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டும் காகிதத்தில், ஒரு கண்ணாடி உறையில், ஏசி துளைக்கு மேலே டாஷ்போர்டில். க்ளவ் பாக்ஸில் வைக்கவே கூடாது. அதைத் திறக்கக் கை நீளும்போதுதான் அவர்கள் முகம் மாறும். பர்ஸ் பின்பாக்கெட்டில் வேண்டாம், வண்டி எடுக்கும்போதே அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். என்னிடம் கிரீன் கார்டும் அதோடு இருக்கும். குடியுரிமை இல்லாதவர்கள் 18 வயதுக்கு மேல் அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்து பயனில்லை.

விளக்கு தெரிந்ததும் சிக்னல் போட்டு, வேகம் குறைத்து, வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவேன். என்ஜினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, நான்கு ஜன்னலையும் இறக்குவேன். அப்புறம் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். அவர் வருவதற்குள் இதெல்லாம் முடிந்திருக்கும். அதற்கு மேல் விரலைக்கூட அசைப்பதில்லை. டெக்சஸில் 2017-ல் வந்த சட்டப்படி உயர்நிலைப் பள்ளியிலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள். என் பெண் படித்துவிட்டு வந்து என்னிடமே பரீட்சை வைத்தாள்.

கண்ணாடியில் பிள்ளையார் தொங்குகிறாரா? எடுத்து டாஷ்போர்டில் உட்கார வையுங்கள். பார்வையை மறைக்கிறது என்று நிறுத்த அது ஒரு சாக்கு.

வீடியோவுக்கு ஃபோனை நம்பாதீர்கள். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு லென்ஸ் உள்ள டாஷ்கேம், அதாவது காரிலேயே பொருத்தும் கேமரா, வாங்கி மாட்டுங்கள். சாவி போட்டதும் அது பாட்டுக்கு ஓடும், யாரும் தொட வேண்டாம்.

ஃபோனில் மட்டும் பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சாண்ட்ரா பிளாண்ட். 2015 ஜூலை 10, இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் பிரெய்ரி வியூ. தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தினார்கள், மூன்றாம் நாள் ஜெயிலில் இறந்து கிடந்தார். போலீஸ் காரின் வீடியோவை நாடே பார்த்தது. ஆனால் அந்தப் பெண்ணும் தன் ஃபோனில் 39 நொடி எடுத்திருந்தார், அதிகாரி ஜன்னலுக்கு வெளியே டேசர் என்ற மின் அதிர்ச்சித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பது அதில் தெரிகிறது. அது வெளியே வந்தது 2019 மே மாதம். கிட்டத்தட்ட நான்கு வருடம். அந்தச் சாலையில் எப்போது போனாலும் எனக்கு அந்த 39 நொடிதான் நினைவு வரும். பாலா தம்பி சொல்கிற துண்டு துண்டாக ஏற்றுவது நல்ல யோசனை, அதை விடாதீர்கள்.


நிலா_காலேஜ்

எனக்கு 19. உங்கள் மகன் இடத்திலிருந்து ஒன்று சொல்லலாமா ஆன்ட்டி?

என் அம்மா என் ஃபோனில் எந்நேரமும் இடம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டிருந்தார். இரண்டு மாதத்தில் அழித்துவிட்டேன். உங்கள் செயலியும் எப்போதும் இடத்தை அனுப்பினால் அவன் அழித்துவிடுவான், அப்புறம் தேவைப்படும்போது இருக்காது. கட்டளை சொன்ன பிறகு மட்டும் அனுப்பட்டும், முடிந்ததும் நிற்கட்டும்.

இன்னொன்று அந்த நேரடி அழைப்பு. போன வருடம் என்னை நிறுத்தியபோது அம்மா லைனில் இருந்தார். அதிகாரி ஒன்று கேட்கிறார், ஸ்பீக்கரில் அம்மா "என்னடி ஆச்சு, யார் அது, எங்கே இருக்கே" என்று அழுகிறார். யாருக்குப் பதில் சொல்வது என்றே தெரியவில்லை. "உன்னோடு யார் இருக்கிறார்கள்" என்று அவர் இரண்டு முறை கேட்டது என் காதிலேயே விழவில்லை. அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் நானும் அழுதிருப்பேன். ஆனால் அந்த ஐந்து நிமிடம் என் கவனம் முழுக்க எதிரில் நிற்பவரிடம் இருந்திருக்க வேண்டும்.

செய்தி வந்ததும் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் திரையில் எழுதியிருக்கிறீர்களா? என் திரைக்கு எல்லாரும் யோசனை சொல்கிறார்கள், அம்மா திரைக்கு யாரும் சொல்லவில்லை.


பாலா_மொபைல்

கல்யாணி அக்கா சொன்னது சரி, கறுப்புத் திரை யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர் சொன்ன பூட்டு விஷயத்தை வைத்து நேற்று முழுக்க யோசித்தேன். பூட்டிய ஃபோனில் சிரியிடம் சொன்னால் செயலி திறக்க முகம் கேட்கும். திறந்தால் ஃபோனும் திறந்துவிடும். ஐஓஎஸ் 18-ல் பூட்டுத் திரையிலிருந்தே கேமராவை ஓட்ட ஒரு நீட்டிப்பு கொடுத்தார்கள், ஆனால் அது இணையத்தைத் தொடாது. ஃபோனைத் திறந்த பிறகுதான் பதிவு செயலிக்கு வரும். 39 நொடிக் கதை மறுபடி நடக்கும்.

ஆனால் அதே ஐஓஎஸ் 18-ல் குரல் பதிவைத் தொடங்குவதற்கென்றே ஓர் இன்டென்ட் (சிரி நேரடியாக இயக்கும் கட்டளை) இருக்கிறது. செயலி திறக்காமலே ஓடும். நிபந்தனை ஒன்றுதான்: பதிவு ஓடும்வரை லைவ் ஆக்டிவிட்டி தெரிய வேண்டும். அதாவது பூட்டுத் திரையிலேயே "பதிவாகிறது" என்று இருக்கும். கல்யாணி அக்கா கேட்டதும் அதுதானே! வீடியோவை டாஷ்கேமிடம் விட்டுவிடுங்கள். உங்கள் செயலி குரலை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், அதை நன்றாகச் செய்யட்டும்.


மீனா_எடிசன்

எல்லாருக்கும் நன்றி. பதில் போட எட்டு நாள் ஆகிவிட்டது, ஏனென்றால் முக்கால்வாசியைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன்.

வீடியோ போய்விட்டது. சிவப்பு பட்டன் போய்விட்டது. உரிமைகளைப் படிக்கும் குரலும் போய்விட்டது. கல்யாணி சொன்ன வாக்கியங்களைப் படுக்கையறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான், பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறான். கட்டளை சொன்னதிலிருந்து முடியும்வரை செயலி ஒரு சத்தமும் போடாது. மற்ற அறிவிப்புகள் வந்து ஒலிக்காமல் இருக்க, தொந்தரவு செய்யாதே நிலையை ஓட்டத் தொடங்கும்போதே ஃபோன் எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டோம்.

நேரடி அழைப்பை எடுப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிலா எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எதுவும் எழுத முடியவில்லை. எனக்கு ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நினைவு வந்தது. 2021 ஏப்ரலில் மினசோட்டாவில், போலீஸ் சுட்டதில் இறந்துபோன டான்டே ரைட்டை நிறுத்தியபோது அவர் தன் அம்மாவுக்குத்தான் ஃபோன் செய்தார். 20 வயது. கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டைக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னார். ஃபோனை வைக்கச் சொல்வது அந்த அம்மாவுக்குக் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது. அவர் திரும்ப அழைத்தபோது பேசியது மகன் இல்லை.

நான் இந்தச் செயலியை எழுதத் தொடங்கியதே அந்தக் காரில் நானும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இப்போது அது புரிகிறது. ஆனால் நான் அங்கே இருந்தால் அவன் என்னைத்தான் பார்ப்பான். அதனால் இனி எனக்குக் கேட்கும், பேச முடியாது. என் பக்கத்துச் செயலியில் மைக்குக்கான அனுமதியே கேட்கவில்லை. பதற்றத்தில் பட்டனைத் தேடினாலும் கிடைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். குரல் துண்டுகள் ஐந்தாறு நொடி தாமதத்தில் வருகின்றன. சாவி எங்கள் மூன்று ஃபோன்களில் மட்டும். சர்வரில் இருப்பது எனக்கே படிக்க முடியாத மூட்டை. அவன் தெளிவாக "வைத்துக்கொள்" என்று சொல்லாவிட்டால் முப்பதாம் நாள் அழிந்துவிடும். வைத்துக்கொள்வதா என்பது அவன் முடிவு, என் முடிவு இல்லை. இதில் எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது, அவன் ஜெயித்தான்.

நிலா கேட்ட அம்மா திரைக்கும் எழுதிவிட்டேன். செய்தி வந்ததும் மேலே இடம், நேரம், கார் நம்பர். கீழே: அவனை அழைக்காதே. அங்கே கிளம்பிப் போகாதே. கேட்பதைக் காகிதத்தில் நேரத்தோடு எழுது. முப்பது நிமிடத்தில் "முடிந்தது" வராவிட்டால் இந்த எண்ணை அழை என்று ஒரு வக்கீலின் எண். அவரை முன்பே பார்த்துப் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன்.

செல்வம் அண்ணா, கண்ணாடி உறை வாங்கியாயிற்று. பிள்ளையார் டாஷ்போர்டுக்கு வந்துவிட்டார். பின்விளக்கை என் கணவர் மாற்றிவிட்டார். எப்போதோ செய்திருக்க வேண்டியது.

நேற்று மறுபடி வாசலில் ஒத்திகை. கார் நின்றது. கட்டளையைச் சொன்னான், பூட்டிய ஃபோனில் பதிவு தொடங்க நான்கு நொடி. பத்து தடவையில் எட்டு தடவை கேட்டது. தெருவில் லாரி போனபோது ஒரு தடவை கேட்கவில்லை, ஜன்னலை இறக்கிய பிறகு சொன்னதில் ஒரு தடவை கேட்கவில்லை. ஆகவே கட்டளை முதலில், ஜன்னல் பிறகு. கேட்காவிட்டால் விட்டுவிட வேண்டும், மறுபடி முயலக் கூடாது, கை ஸ்டீயரிங்கிலேயே இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். டாஷ்கேம் அப்போதும் ஓடும்.

நான் சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் கேட்கிறார், இவன் பதில் சொல்கிறான், குரல் நடுங்கவில்லை. ஒரு இடத்தில் அவர் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். என் வாய் தானாகத் திறந்தது. பேசினாலும் போய்ச் சேராது என்று தெரிந்தும் "கையை எடுக்காதே கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் உள்ளே வந்து, எனக்கு வரும் செய்தியை ஒரே ஒரு வரி மாற்றச் சொன்னான். நான் "அவசரம்: வாகனம் நிறுத்தப்பட்டது" என்று வைத்திருந்தேன். அவன் சொன்னபடி மாற்றிவிட்டேன்: "அம்மா, நிறுத்தியிருக்கிறார்கள். கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது."

ஆண்ட்ராய்டு பக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது. பாலா, ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைக் குரல் கட்டளையிலிருந்து தொடங்கினால் 14-ல் மைக் மறுக்கப்படுகிறது. உங்களுக்கு நேரம் இருந்தால் இந்த வாரம் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார முடியுமா?